இதயங்களை உடைமையாக்கல்: சமூக ஊடகப் பெயரும் நிய்யத்தும்

முகஸ்துதி, அறபியில் ரியா, என்பது இறைவனுக்காகச் செய்ய வேண்டிய அமலை, அதாவது நற்செயலை, மனிதர் பார்க்க வேண்டுமென்று செய்வது. அதற்கு நேர் எதிரானது இக்லாஸ், கலப்பில்லாத நிய்யத், அதாவது எண்ணம். சமூக ஊடகத்தில் ஒருவர் தமக்கென ஒரு பெயரை வளர்த்து, அந்தப் பெயரைச் சுற்றி ஒரு கூட்டத்தைச் சேர்க்கும்போது இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே விழுகிறது என்பது இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் அன்றாடம் எழும் மார்க்கக் கேள்வி. சாய்ந்தமருதில் ஒரு மௌலவியின் பயான் நேரலையாகப் போகிறது. சவளக்கடையில் வெள்ளம் வடியுமுன் இளைஞர்கள் நிவாரணப் பொதியோடு படமெடுக்கிறார்கள். மருதமுனையில் ஒரு நெசவாளர் தம் கைத்தறிச் சாரனைக் காணொளியில் விரித்துக் காட்டுகிறார். மூவரிடமும் இருப்பது ஒரே கருவி, மூவருக்கும் கீழே ஓடுவது ஒரே மாதிரியான எண்ணிக்கை. ஆயினும் மார்க்கத்தின் தராசில் மூவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

பெயர் என்பது இக்கரைக்குப் புதிதன்று. கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் ஒருவருடைய நிலை நெடுங்காலம் அவர் பிறந்த குடியோடு கட்டுண்டிருந்தது. குடி தாய்வழியில் வருவது. ஒவ்வொரு குடிக்கும் மரைக்கார் உண்டு. பள்ளிவாசலின் காரியங்களில் குடியின் சார்பில் அவர் அமர்ந்தார். அங்கே பெயர் தனி ஆளுக்கு உரியதாக இருக்கவில்லை. தகப்பன், மாமன், குடி என்று பல பேரின் நடத்தையால் அது திரண்டது. ஒருவருடைய தவறால் எல்லாருக்கும் குறைந்தது. ஊரார் ஒருவரைப் பற்றி அறிந்ததும் அவருடைய முழு வாழ்வையும் கண்டே. வயலில் எப்படி, கடனில் எப்படி, மையித்து வீட்டில் எப்படி என்று எல்லாம் தெரிந்த பின்னரே மதிப்பு வந்தது.

அந்த நாளிலும் பெயரைப் பொறிக்கும் ஆசை இருந்தது. கிணற்றுக் கட்டிலும் பள்ளிவாசல் சுவரிலும் கொடையாளியின் பெயர் கல்லில் ஏறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாட்டிலேயே மிக அதிகமானோரைக் கொன்றது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோர வீதிகள் வீடிழந்து கிடந்தன. பின்னர் எழுந்த வீட்டுத் திட்டங்களின் வாசலில் உதவிய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் நின்றன. அப்பலகைகள் நிறுவனத்தின் பெயரைச் சுமந்தன; அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கைத்தொலைபேசி தனி மனிதருக்கும் அதே வசதியைக் கொடுத்தது.

தன்னையே ஒரு வணிகச் சின்னமாக ஆக்கிக்கொள்வது என்ற கருத்துக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. 1997இல் அமெரிக்க எழுத்தாளர் டொம் பீட்டர்ஸ் ‘பாஸ்ட் கம்பனி’ இதழில் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு ஊழியரும் தம்மை ஒரு நிறுவனமாகவும் தம் பெயரை அதன் சின்னமாகவும் எண்ண வேண்டும் என்றது. 2004இல் பேஸ்புக் வந்தது. 2009இல் அதில் லைக் பொத்தான் வந்தது. அன்றிலிருந்து மதிப்புக்கு ஓர் எண் உண்டாயிற்று, அந்த எண் எல்லாருக்கும் தெரிந்தது. இது சிறிய மாற்றமன்று. ஊரில் ஒருவருக்கு எவ்வளவு மதிப்பு என்று முன்பு யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது, அவராலும் முடியாது.

மூலநூல்களைப் பார்த்தால், இவ்விடயத்தில் அவை ஒரே பக்கமாகப் பேசவில்லை என்பது முதலில் தெரியும். சூறா பகறாவின் 271ஆம் வசனம் தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதை நல்லதென ஏற்கிறது. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதைவிடச் சிறந்ததென்கிறது. அதே சூறாவின் 264ஆம் வசனம் இன்னும் கடுமையானது. சொல்லிக் காட்டுவதும் நோவினை செய்வதும் தர்மத்தை அழித்துவிடும் என்றும், பாறைமேல் படிந்த மண்ணை அடைமழை கழுவிச் செல்வதுபோல் அது போய்விடும் என்றும் அது எச்சரிக்கிறது. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றி நபித்தோழர் அபூஹுரைரா அறிவித்து ஸஹீஹ் முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸில் ஒருவர் போரில் இறந்தவர், ஒருவர் குர்ஆனைக் கற்றுக் கற்பித்தவர், ஒருவர் கொடைவள்ளல். மூவரும் தாம் விரும்பிய பெயரை உலகிலேயே பெற்றுவிட்டார்கள். அதனால் அங்கே அவர்களுக்கு எஞ்சியது தண்டனை. இதன் கனத்தை உணர ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூவர் செய்ததும் தீமையன்று, சமுதாயம் உயர்வாக மதிக்கும் காரியங்கள்.

மறுபக்கத்தில் நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. முளர் கோத்திரத்தைச் சேர்ந்த வறியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது நபியவர்களின் முகம் வாடியது. அன்சாரி ஒருவர் கை தாங்க முடியாத ஒரு பையை எல்லார் முன்னிலையிலும் கொண்டுவந்து வைத்தார். அதைக் கண்டு மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவர, உணவும் துணியும் இரு குவியல்களாக உயர்ந்தன. நல்ல வழக்கமொன்றைத் தொடங்கியவருக்கு அதைப் பின்பற்றியோரின் கூலியும் உண்டு என்று நபியவர்கள் சொன்ன சந்தர்ப்பம் இதுவே. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதவாறு கொடுப்பவருக்கு இறைவனின் அரியணையான அர்ஷின் நிழலை வாக்களித்த அதே மார்க்கம், எல்லார் கண்முன்னும் வைக்கப்பட்ட அந்தப் பையையும் புகழ்கிறது. நன்மை செய்தவரை மக்கள் பாராட்டினால் என்னவென்று நபித்தோழர் அபூதர் கேட்டபோது, அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்ற பதிலே வந்தது. ஆகவே பார்க்கப்படுவதே பாவமென்று சொல்லிக் கேள்வியை முடித்துவிட முடியாது.

இந்த முடிச்சை மிகப் பொறுமையாக அவிழ்த்தவர் இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி. பக்தாத் நிளாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக 1091இல் நியமனம் பெற்றார். நூற்றுக்கணக்கான மாணவர்கள் அவர் முன் அமர்ந்தார்கள். அரசவையில் அவர் பேச்சுக்கு மதிப்பிருந்தது. 1095இல் அவற்றையெல்லாம் விட்டு நகரை நீங்கினார். தம் போதனையின் நிய்யத்தைச் சோதித்தபோது அது இறைவனுக்காக அன்றி அந்தஸ்துக்காகவும் பேருக்காகவும் இருந்ததைக் கண்டதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பான ‘அல்முன்கித் மினள் ளலால்’ நூலில் அவரே எழுதினார். ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் மூன்றாம் பாகத்தில் அந்தஸ்தையும் முகஸ்துதியையும் பற்றி ஒரு முழு நூற்பிரிவு இருக்கிறது. அவருக்கு முன் 857இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாஸிபி உழுத நிலம் அது. கஸ்ஸாலி அதில் ஆழமாக இறங்கினார்.

அந்தஸ்துக்கு அவர் தரும் வரைவிலக்கணம் சுருக்கமானது. செல்வம் பொருள்களை உடைமையாக்குவது. அந்தஸ்து இதயங்களை உடைமையாக்குவது. மனிதர் செல்வத்தைவிட அந்தஸ்தை ஏன் அதிகம் விரும்புகிறார்கள் என்பதற்கு அவர் மூன்று காரணம் காட்டுகிறார். அந்தஸ்து உள்ளவருக்குச் செல்வம் எளிதில் வரும், செல்வம் உள்ளவருக்கு அந்தஸ்து அவ்வளவு எளிதில் வராது. செல்வத்தைத் திருடலாம், இதயங்களைத் திருடுவது கடினம். செல்வத்தைப் பெருக்க உழைக்க வேண்டும். இதயங்களோ தாமாகவே பரவும், ஏனெனில் ஒருவரை நம்பியவர் அடுத்தவரிடம் அவரைப் புகழ்கிறார், அடுத்தவர் இன்னொருவரிடம். பகிர்வுப் பொத்தானுக்கு 900 ஆண்டுகளுக்கு முன்னரே அதன் இயக்கம் இப்படி விளக்கப்பட்டுவிட்டது.

எவற்றைக் கொண்டு மனிதர் முகஸ்துதி செய்கிறார்கள் என்பதையும் அவர் பிரித்துக் காட்டுகிறார்: மெலிந்த உடல், ஒட்டுப்போட்ட உடை, உபதேசப் பேச்சு, நீண்ட தொழுகை, கடைசியாகத் தம்மைத் தேடி வருவோர். இன்ன ஆலிம் என்னைக் காண வந்தார், இன்ன ஆட்சியாளர் என்னிடம் துஆக் கேட்டார் என்று காட்டிக்கொள்வது இந்த ஐந்தாவது வகை. இன்று ஒரு பக்கத்தில் ஏறும் படங்களை இந்த ஐந்துக்குள் அடக்கிவிடலாம். அவற்றில் பெருந்தொகை ஐந்தாவது வகைக்கே போகும்.

ஆனால் கஸ்ஸாலி கதவை அடைக்கவில்லை. அந்தஸ்தைத் தேடும் வழிகளை அவர் கூறுபடுத்துகிறார். தம்மிடம் உண்மையில் இருக்கும் தகுதியைச் சொல்லி இடம் தேடுவது ஆகுமானது. தாம் காப்பவர், அறிந்தவர் என்று சொல்லி எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை யூசுப் நபி கேட்டது அதற்குச் சான்று. இல்லாத தகுதியைச் சொல்வது ஏமாற்று. வணக்கத்தைக் காட்டி இடம் தேடுவது ஹராம், ஏனெனில் இறைவனுக்குரியதை அங்கே மனிதரிடம் விற்கிறார்கள். மருதமுனை நெசவாளர் முதல் வகையைச் சேர்ந்தவர். தம் தறி, நூல், சாயம் என்று உள்ளதை உள்ளபடி காட்டி வாங்குவோரைச் சேர்ப்பதில் முகஸ்துதி என்ற பேச்சுக்கே இடமில்லை. அது வணக்கமன்று, வியாபாரம். அவரைக் கட்டுப்படுத்துவது வேறொரு சட்டம்: சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபியவர்கள் உள்ளே ஈரம் கண்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார்கள். நெல் விற்கும் ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று படம் பிடித்துப் போட்டால் அந்த ஈரம் அங்கும் இருக்கிறது. வியாபாரத்தின் நடுவே தொழும் படத்தை வைத்து நம்பிக்கை தேடினால் காரியம் மூன்றாம் வகைக்குப் போய்விடுகிறது.

மௌலவியின் நேரலைக்கும் இளைஞரின் நிவாரணப் படத்துக்கும் கஸ்ஸாலி வைக்கும் சோதனைகள் கூர்மையானவை. அமலை வெளிக்காட்டினால் பிறர் பின்பற்றுவார்கள் என்ற நியாயத்தை அவர் ஏற்கிறார். ஏற்றபின் ஒன்றைக் கேட்கிறார்: நீ மறைவாகச் செய், மக்கள் உன் சகபாடி ஒருவரைப் பார்த்துப் பின்பற்றட்டும், வெளிக்காட்டிய கூலி உனக்கும் குறையாமல் கிடைக்கும் என்று சொன்னால் உன் மனம் சம்மதிக்குமா? பின்பற்றப்படுபவர் தானாகவே இருக்க வேண்டுமென்று மனம் சாய்ந்தால், பிறர் நன்மை என்பது வெறும் பேச்சு. உபதேசிகளுக்கும் இதே வகைச் சோதனைதான். தம்மைவிட அறிவும் பேச்சும் மிக்க ஒருவர் வந்து கூட்டம் அவரிடம் போனால் இவர் மகிழ வேண்டும். நேர்வழி காட்டும் பாரத்தை ஒருவர் பகிர்ந்துகொண்டாரே என்று. இரவுத் தொழுகையாளர் இருக்கும் வீட்டில் தங்கி அவர்களோடு எழுந்து தொழுபவரின் நிலையையும் அவர் எடுத்துக்கொள்கிறார். கூட்டத்தால் உற்சாகம் வருவது இயல்பு, அது முகஸ்துதியாகாது. ஆனால் ஒரு திரைக்குப் பின்னால், தான் அவர்களைப் பார்த்து அவர்கள் தன்னைப் பாராமல் இருந்தால் அப்போதும் எழுவானா என்று தன்னைக் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளின் சிறப்பு, எதையும் வெளியிலிருந்து தீர்ப்பளிக்க முடியாதவாறு அவை அமைந்திருப்பதே. இன்னார் முகஸ்துதிக்காகப் பதிவிடுகிறார் என்று அயலார் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது இன்னொரு நோய். ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒருவர் தர்மத்தைப் பற்றி ஒருவர் தீர்ப்புரைக்கும் வழக்கம் பரவியிருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்த் திசையிலும் ஒரு பிழை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு நீஷாப்பூரில் மலாமதிய்யா எனப்பட்டோர், மக்களின் மதிப்பிலிருந்து தப்ப நல்லமல்களை மறைத்து, பழிச்சொல்லை வலிந்து ஏற்றார்கள். ஹம்தூன் அல்கஸ்ஸார் அவர்களுள் பெயர்பெற்றவர். ஆனால் பழியைத் தேடுபவரும் மக்களின் கண்ணையே அளவுகோலாக வைத்திருக்கிறார் என்பது சூபிகளுக்குள்ளேயே எழுந்த மறுப்பு. 803இல் மறைந்த புழைல் இப்னு இயாழ், மனிதருக்காக ஓர் அமலைச் செய்வதை மட்டுமன்றி மனிதருக்காக ஓர் அமலை விடுவதையும் நோயாகவே கண்டார். முகஸ்துதி என்பார்களோ என்றஞ்சி வெள்ளத்துக்கு உதவி கேட்கும் பதிவை ஒருவர் எழுதாமல் விட்டால், அந்த அச்சமும் புழைல் சொன்ன நோய்தான்.

இனி, பழைய நூல்களுக்கு முன் இல்லாத ஒன்று. கஸ்ஸாலியின் காலத்தில் அமல் முடிந்தால் பார்வையும் முடிந்தது. அமல் தூய்மையாக முடிந்தபின் அது தானாகத் தெரியவந்து ஏற்படும் மகிழ்ச்சி அமலைக் கெடுக்காது என்று அவர் கருதினார். முடித்தவரே பின்னர் அதை எடுத்துச் சொல்லிக் காட்டினால், செய்ததற்குக் கூலியும் காட்டியதற்குத் தண்டனையும் தனித்தனியே உண்டு என்பதே பொருத்தமான முடிவென்றார். பதிவு இந்த ‘முடிந்தபின்’ என்ற நேரத்தை முடியவிடுவதில்லை. நேற்றுக் கொடுத்த பொதி இன்றும் காட்சியில் நிற்கிறது, அடுத்த ஆண்டு ‘நினைவுகள்’ என்று திரும்பி வருகிறது, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறுகிறது. எண்ணிக்கை ஏறிய பதிவு எது என்பது அடுத்த அமல் எதுவாக இருக்கும் என்பதையும் மெல்லத் தீர்மானிக்கத் தொடங்குகிறது. நோயாளியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது படத்தில் நன்றாக விழாது. பொதி நன்றாக விழும். செய்பவரின் எண்ணம் தூய்மையாக இருந்தாலும் எதைச் செய்வது என்ற தெரிவு பார்வையாளர் கைக்குப் போய்விடுவதே இங்கு உண்மையான இழப்பு.

அதைவிடப் பாரதூரமானது வாங்குபவரின் முகம். வடகீழ்ப் பருவமழையில் கல்முனையையும் நாவிதன்வெளிப் பக்கத்தையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்வது வழமை. சவளக்கடையும் அதை அடுத்த வயலூர்களும் தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழும் இடங்கள். நீரேறிய நாளில் பொதியோடு யாராவது வந்தால் கைநீட்டாமல் இருக்க முடியாது. அந்தக் கை நீளும் கணம் படமாகிறது. படம் எடுக்கலாமா என்று கேட்டாலும், உலை வைக்க அரிசியில்லாதவர் மாட்டேன் என்று சொல்லும் நிலையில் இல்லை. மறுநாள் அவர் மகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்க்கிறாள். 264ஆம் வசனம் தர்மத்தை அழிப்பதாகச் சொன்ன இரண்டில் நோவினை என்பது இதுவே. கொடுத்தவரின் நிய்யத் அவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது. அதைப் பற்றி வெளியார் மௌனமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வாங்கியவரின் மானம் அப்படியன்று. அது இன்னொரு மனிதரின் உரிமை. நல்ல நிய்யத்தால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நபியவர்களின் பேரர் ஹுசைனின் மகன் அலீ ஸைனுல் ஆப்தீன் இரவில் ரொட்டி மூட்டை சுமந்து மதீனாவின் ஏழை வீடுகளுக்குச் சென்றதும், அவர் மறைந்தபின் உணவு வருவது நின்றபோதே கொடுத்தவர் யாரென ஊர் அறிந்ததும் சரித நூல்களில் உண்டு. அந்தச் செய்தியை அவருடைய இக்லாஸுக்குச் சான்றாகச் சொல்வார்கள். யார் கொடுத்தார் என்று தெரியாதபடியால் யாரிடமும் தலைகுனிய வேண்டியிராத ஏழைகளும் அதே செய்தியில் இருக்கிறார்கள்.

தனிப்பெயர் வளர்ந்து கூட்டமாகும்போது கேள்வி மேலும் கனக்கிறது. பள்ளிவாசல் ஜமாஅத் என்பது ஒருவரை விரும்பியோர் கூடிய கூட்டமன்று. ஒரு மஹல்லாவில் வாழ்பவர் எல்லாரும், கருத்து வேறுபட்டவரும் வழக்காளியும் கூட, ஒரே ஸப்பில் நிற்கும் கூட்டம் அது. இமாம் தவறினால் பின்நிற்பவர் ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்லித் திருத்துவார். இமாம் ஏற்க வேண்டும். பின்தொடர்வோர் கூட்டத்தில் இந்தத் திருத்தம் இல்லை. உடன்படாதவர் விலகிவிடுகிறார் அல்லது விலக்கப்படுகிறார். எஞ்சுவோர் ஆமோதிப்போர் மட்டுமே.

இதன் மிகக் கொடிய விளைவை இக்கரை கண்டிருக்கிறது. காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம் பேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஆவேசப் பேச்சுகளால் ஆதரவாளரைத் திரட்டினார்; ஊர் ஜமாஅத்தின் கட்டுக்கு வெளியே அவர் வளர்ந்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அவர் தலைமையிலான குழுவின் தாக்குதலில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருது வீடொன்றில் படையினர் சுற்றிவளைத்தபோது உள்ளே இருந்தோர் குண்டை வெடிக்கவைத்ததில் அவருடைய தந்தையும் சகோதரரும் பெண்களும் பிள்ளைகளும் இறந்தனர். அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகம் எழுப்பித் தகவல் கொடுத்தவர்கள் அயலில் வாழ்ந்த முஸ்லிம்களே. திரையில் திரண்ட கூட்டத்துக்கு அவர் யாரென்று தெரியவில்லை. ஒரே தெருவில் வாழ்ந்தோருக்கு வீட்டுக்கு வந்தவர்களின் நடையிலேயே ஐயம் எழுந்தது. ஜமாஅத் என்ற பழைய அமைப்பின் பெறுமதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்கு ஓராண்டு முன், 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்றது ஒரு கும்பல். உணவகத்தில் இருந்தவர் சிங்களம் சரியாக விளங்காத நிலையில் அச்சத்தோடு தலையசைத்த காட்சி பேஸ்புக்கில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாள்களில் கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டது; அரசு மார்ச் 7இல் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. தன் விருப்பமின்றிப் படமாக்கப்பட்ட ஒரு முகத்துக்கு என்ன நேரும் என்பதை அறிந்த சமுதாயம், தன் ஏழைகளின் முகத்தைப் படமாக்கும்போது இருமடங்கு யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

அதே ஊடகம் பெயரில்லாமலும் இயங்கியிருக்கிறது. கொவிட் காலத்தில் முஸ்லிம் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் 20 நாள் குழந்தையொன்று எரிக்கப்பட்டபின் கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். அவை அகற்றப்பட, முஸ்லிம்களும் மற்றவர்களும் தத்தம் வீட்டுக் கதவில் கட்டிப் படமிட்டார்கள். படத்தில் துணி இருந்தது, முகம் இல்லை.  2021 பெப்ரவரி இறுதியில் அடக்க அனுமதி வந்தது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. அனுமதிக்குப் பல காரணங்கள் இருந்தன, வெளிநாட்டு அழுத்தமும் சேர்த்து. ஆனால் கஸ்ஸாலி கேட்ட முதற் கேள்விக்கு அந்தத் துணிகள் ஒரு விடை: பின்பற்றப்படுபவர் யாராக இருந்தாலும் சரி என்று சம்மதித்தவர்கள் இத்தனை பேர் இருந்தார்கள்.

நடைமுறையில் இவ்வளவுக்கும் ஒரு வழி பழைய குர்ஆன் விரிவுரைகளான தப்ஸீர்களிலேயே கிடக்கிறது. 271ஆம் வசனத்தின் மறைவான தர்மத்தை விருப்பக் கொடையான ஸதகாவுக்கு உரியதாகவும், கடமையான ஸகாத்தை வெளிப்படையாகக் கொடுப்பதே மேலானதாகவும் அவற்றை எழுதிய முஃபஸ்ஸிர்கள் பலர் கொண்டார்கள். கடமை வெளியே தெரிந்தால் சந்தேகம் நீங்கும், மற்றவர்களுக்கும் நினைவூட்டலாகும் என்பது அவர்கள் நியாயம். பள்ளிவாசல்களின் ஸகாத் குழுக்கள் சேர்ந்த தொகையையும் செலவிட்ட தொகையையும் தலைப்பு வாரியாகப் பதிவிடலாம்: இத்தனை குடும்பத்துக்குத் தொழில் உதவி, இத்தனை கடன் தீர்ப்பு, இத்தனை வீட்டுக் கூரை. அங்கே காட்டப்படுவது கணக்கு. கணக்குக் காட்டுவது பொறுப்பாளரின் கடமை, கேட்பது ஊரின் உரிமை. கொடுத்தவரின் பெயரோ வாங்கியவரின் முகமோ அதற்குத் தேவைப்படுவதில்லை. வெள்ள நிவாரணம் சேர்க்கும் இளைஞர் குழுக்களுக்கும் இதே முறை பொருந்தும்: நீரேறிய வீதியின் படம், வங்கிக் கணக்கின் வரவு, வாங்கிய அரிசியின் பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் போட்டால் உதவி கேட்பதற்கும் நம்பிக்கை பெறுவதற்கும் அவை போதும்.